குதிரைக்குப் பின்னால் ஓடியவர்கள்

கலிபோர்னியாவில் வசிக்கும் என் அக்காவின் மகன் சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். கணினித் துறையில் வேலை பார்ப்பவன். "மாமா, வர்ற சனிக்கிழமை நான் குதிரைக்கு நாடி பார்க்கப் போறேன்" என்றான். விளையாட்டாகச் சொல்கிறான் என்றே முதலில் எண்ணினேன். விவரம் கேட்டபோதுதான் அது ஒரு பெரிய விஷயம் என்று புரிந்தது.

சியாரா நெவாடா மலைத்தொடரில் ஓபர்ன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஒரே நாளில் 100 மைல் தூரத்தைக் குதிரையில் கடக்கும் பயணம் அங்கே 1955ஆம் ஆண்டு தொடங்கியது. தொடக்கி வைத்தவர் வென்டெல் ரோபி என்ற உள்ளூர்ப் பிரமுகர். இக்காலத்துக் குதிரைகளால் அவ்வளவு தூரம் போக இயலாது என்று சிலர் சொல்ல, இயலும் என்று காட்டவே அவர் புறப்பட்டார் என்பார்கள். டெவிஸ் கிண்ணம் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. இரவில் மலைப்பாதை தெரிய வேண்டும் என்பதற்காக முழுநிலாவை ஒட்டிய நாளையே பெரும்பாலும் தெரிந்தெடுக்கிறார்கள். நெடுந்தூரக் குதிரையோட்டம் இன்று உலகின் பல நாடுகளில் பரவியிருக்கும் விளையாட்டு. அதன் தாய்வீடு ஓபர்ன் என்று சொல்லலாம்.

இந்த ஓட்டத்தின் விதிதான் என்னைக் கவர்ந்தது. வழியில் பல தரிப்பிடங்கள் உண்டு. அங்கே மிருக வைத்தியர்கள் காத்திருப்பார்கள். ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவை துடிக்கும். மலையேறி வரும் குதிரைக்கு அது பலமடங்கு கூடியிருக்கும். துடிப்பு ஏறத்தாழ 60 என்ற அளவுக்கு இறங்கினால்தான் மேலே போக விடுவார்கள். நொண்டினாலோ, நீர் வற்றிச் சோர்ந்தாலோ அந்த இடத்தோடு பயணம் முடிந்தது. வெற்றிக்கோட்டைத் தாண்டிய பிறகும் சோதனை உண்டு. முதலாவதாக வந்தவருக்கு ஒரு கிண்ணம் என்றால், முன்னணியில் வந்த குதிரைகளுள் நல்ல உடல்நிலையில் இருக்கும் குதிரைக்கு இன்னொரு கிண்ணம். முடிப்பதே வெற்றி என்பது இவ்விளையாட்டின் கொள்கை.

இதற்கு வேண்டிய ஆட்கள் எல்லாரும் தொண்டர்கள். நாடி பார்ப்பவர், நேரம் குறிப்பவர், தண்ணீர்த் தொட்டியை நிரப்புபவர், இருட்டில் விளக்கோடு நிற்பவர் என்று பல நூறு பேர். ஒருவருக்கும் கூலி கிடையாது. நம் ஊர்த் தேர்த்திருவிழாவின் தண்ணீர்ப்பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள், அதே உணர்வுதான்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மருமகன் கேட்டான்: "மாமா, நம்ம கண்டிப் பக்கம் இப்படி ஏதும் இருந்ததா?"

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். சொல்லிய பின்புதான் மனம் உறுத்தத் தொடங்கியது.

கண்டி இராச்சியம் நெடுங்காலம் வீழாமல் நின்றதற்கு ஒரு காரணம், அதற்குச் சாலை இல்லாமையே. காடும் மலையும் ஒற்றையடிப் பாதைகளும் முட்கதவுகளுமே அதன் அரண்கள். மலையைத் துளைத்து வழி வருபவனுக்கே கண்டி வசப்படும் என்று மக்கள் நம்பியதாக ஒரு கதை உண்டு. 1803இல் கண்டியில் நிறுத்தப்பட்ட ஆங்கிலக் காவற்படை திரும்பி வரவில்லை. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1817-18 கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. இனிப் படையை விரைவாக அனுப்பச் சாலை வேண்டும் என்று தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் முடிவு செய்தார். 1820களில் கொழும்பு - கண்டிச் சாலை, 72 மைல், போடப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்தே வழி செய்தார்கள்.

பேராதனையில் நான் கலைப்பிரிவு மாணவனாக இருந்த நாட்களில், கொழும்பிலிருந்து திரும்பும் பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது ஒரு வெள்ளைக் கோபுரம் கண்ணில் படும். சாலையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் 1829இல் இறந்தார். பொதுமக்களிடம் பணம் சேர்த்து 1832இல் கோபுரத்தைக் கட்டினார்கள். பாறையை உடைத்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. இராசகாரியம் என்ற கட்டாய உழைப்பின்பேரில் கொண்டுவரப்பட்ட கிராமத்தவர் பலர் அவர்களுள் இருந்தனர். அந்த முறை ஒழிக்கப்பட்டதும் 1832இல்தான்.

அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது என்று பெருமையாகச் சொல்வார்கள். 1867இல் ரயில் கண்டியை அடையும் வரை இந்தச் சாலையில் குதிரைதான் வேகம். 72 மைலையும் ஒரே குதிரை இழுத்துவிடாது. இடையிடையே தரிப்பிடம் இருந்தது. அங்கே ஓய்ந்த குதிரையை அவிழ்த்து, புதுக் குதிரையைப் பூட்ட ஆள் இருந்தான். வண்டி எந்நேரம் வந்தாலும் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவன் அவன். அது மேலே போகுமா போகாதா என்று முதலில் அறிந்தவனும் அவனே. ஓபர்னில் மருமகன் செய்த வேலைக்கும் இதற்கும் எத்தனை தூரம்?

என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1850களில் காலித் துறைமுகத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து கொண்டுவர 'ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தியது. இலங்கைப் பத்திரிகை வரலாற்றைச் சொல்லும் எவரும் அந்தப் புறாக்களை மறப்பதில்லை, நானும் எழுதியிருக்கிறேன். குதிரை மாற்றியவனைப் பற்றி முப்பது ஆண்டுகாலப் பத்திரிகை வாழ்வில் ஒரு வரி எழுதியதில்லை.

சாலை வந்ததும் கோப்பி வந்தது. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கோப்பித் தோட்டம் திறந்தார். கன்னொருவையில் பார்ன்ஸே தோட்டம் வைத்திருந்தார். தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோட்டங்களுக்கு இடையே வண்டிப்பாதை இல்லாத காலம் அது. துரைமார் குதிரையில்தான் திரிந்தார்கள். 1854இல் கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் அமைந்தபோது கூட்டத்துக்குப் போகவும் குதிரையே கதி.

துரைக்குக் குதிரை என்றால் குதிரைக்கு ஒரு குதிரைக்காரன். சென்னை மாகாணத்து வெள்ளையர் வீடுகளின் வழக்கம் அப்படியே இங்கும் வந்தது. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது, கொள்ளு வேகவைப்பது, சேணம் கட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. புல் அறுத்துக் கொண்டுவர ஒரு புல்லுக்காரி. பல இடங்களில் அவள் அவனுடைய மனைவியாகவே இருப்பாள். துரை குதிரையில் புறப்பட்டால் குதிரைக்காரன் கால்நடையாகப் பின்னால் ஓட வேண்டும். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடிக்க அவன் நிற்க வேண்டுமல்லவா! நெடுந்தூர ஓட்டம் என்று இன்று சொல்கிறோம். அந்த மலைப்பாதைகளில் குதிரை நான்கு காலால் ஓடியது. அவன் இரண்டு காலால் ஓடினான்.

இவர்கள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் குதிரை ஐயனாருக்குரியது. புரவி எடுப்புத் திருவிழாவில் வேளார் செய்த மண்குதிரைகளை ஊரார் தோளில் சுமந்துபோய் ஐயனார் கோயிலில் வைப்பார்கள். அது தாமாக விரும்பிச் செய்யும் தொண்டு. ஐயனாரின் குதிரையைத் தோளில் தூக்கியவர்களின் பிள்ளைகள் இங்கே துரையின் குதிரைக்குப் பின்னால் ஓடினார்கள்.

பெயர் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேற ஏற்பாடு செய்தார். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற அதே பேக்கர். தம்முடன் ஹென்றி பெர்க்ஸ் என்ற ஆங்கிலக் குதிரைக்காரனையும் கொண்டுவந்தார். அவன் குடிகாரன். கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில் இறம்பொடைக் கணவாய்ப் பக்கம் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருட்டிவிட்டான். மீட்பதற்கு அனுப்பிய யானையையும் மிதமிஞ்சி ஓட்டிச் சாகடித்தான். இவ்வளவு செய்தவனின் பெயர், பேக்கர் எழுதிய நூலால் இன்றும் நிலைத்திருக்கிறது. அதே கணவாயில் எத்தனையோ குதிரைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கிய தமிழர்களில் ஒருவர் பெயரையாவது இன்று நம்மால் சொல்ல முடியுமா?

இனி, தொண்டர் என்ற சொல்லுக்கு வருகிறேன். 1881இல் இலங்கையில் தொண்டர் படை உருவானது. 1892இல் குதிரைப்படைத் தொண்டர்கள் தனி அணியானார்கள். பெரும்பாலும் ஐரோப்பியர், அவர்களுள் தோட்டத்துரைமார் பலர். 1900இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தத்துக்கு இங்கிருந்து ஓர் அணி கப்பலேறியது. அதே ஆண்டு கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையும் தோன்றியது. குதிரைத் தொண்டர் அணி 1938இலும், துரைமார் படை 1949இலும் கலைக்கப்பட்டன. ஆக, கண்டி மலைநாட்டில் குதிரையும் தொண்டும் இணைந்த வரலாறு உண்டுதான். ஆனால் அங்கே தொண்டர் என்ற பட்டம் சேணத்தின்மேல் இருந்தவருக்கு. கடிவாளத்தைப் பிடித்தவனுக்கு அல்ல.

அதற்காகக் குதிரைக்காரனைத் தொண்டன் என்று சொல்லி அழகுபடுத்தவும் கூடாது. விரும்பி வருபவனே தொண்டன். வேண்டாம் என்று போகவும் அவனால் முடிய வேண்டும். தோட்டத்து ஆளுக்கு அது முடியாது. கடன் தீர்ந்தது என்ற 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குக்கூடப் போக முடியாத நிலை 1921 வரை இருந்தது. அவன் பெயர் எங்குமே எழுதப்படவில்லை என்பதும் சரியன்று. செக்ரோலில் எழுதினார்கள், கடன் கணக்கில் எழுதினார்கள். நாட்டின் குடிமக்கள் யார் என்று 1948இல் கணக்கெடுத்தபோதுதான் அவன் பிள்ளைகளின் பெயர்கள் விடுபட்டுப் போயின. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு வழி திறக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் மருமகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிவாகச் சொன்னேன். பிறகு, எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒன்றையும் சொல்லிவிட்டேன். என் தாயாரின் பாட்டனார் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் குதிரைக்காரராக இருந்தவர். அம்மா அதை அப்படிச் சொல்லமாட்டார். "தாத்தா பங்களாவில் உத்தியோகம்" என்பார். ஆனால் ஊரில் எங்களை 'லாயத்து வீட்டார்' என்று கூப்பிட்டார்கள். லைன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த லயமும் குதிரை கட்டும் லாயமும் எழுத்தில் ஒரு காலால் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த ஒரு காலை மறைக்கத்தான் நாங்கள் மூன்று தலைமுறையாகப் பாடுபட்டோம். படித்து, பட்டம் பெற்று, பத்திரிகையில் பெயர் போட்டுக்கொண்ட நானும் அதற்கு உடந்தை.

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்பு, "அவர் பேர் என்ன மாமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டிருக்கலாம். அவர் உயிரோடிருந்தவரை கேட்கத் தோன்றவில்லை. கேட்க நினைத்தபோது அவர் இல்லை.

2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் கடல் கடந்து வந்திறங்கி, காட்டுவழியே நடந்த அதே திசை. கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் விழுந்த வழி. இம்முறை நடந்தவர்கள் விரும்பி நடந்தார்கள். குதிரை இல்லை, கிண்ணம் இல்லை. ஆனாலும் முடிப்பதே வெற்றி என்ற சொல் அவர்களுக்கும் பொருந்தும். மருமகனின் கேள்விக்கு நான் தரக்கூடிய நேரான பதில் அதுவாகத்தான் இருக்கும்.

தொண்டர் என்ற சொல்லைத் தமிழில் உயர்த்தி வைத்தவர் சுந்தரர். திருத்தொண்டத்தொகையில் அடியார்களைப் பெயர் சொல்லி வணங்கியவர், பெயர் தெரியாதவர்களை விட்டுவிடவில்லை. அவர்களை ஒன்பது கூட்டங்களாக்கித் தொகையடியார் என்று சேர்த்துக்கொண்டார். பெயர் தெரியாவிட்டால் தொகையாகவேனும் வணங்க வேண்டும் என்பது நமக்கு அவர் காட்டிய வழி. எனினும் பெயர் தெரிந்துகொள்ள வாய்ப்பிருக்கும்போது தெரிந்துகொள்ளாமல் விடுவது வேறு. அது நம் பிழை.

மருமகன் பின்னர் ஒரு படம் அனுப்பினான். ஓட்டம் முடிந்த பிறகு தொண்டர்கள் எல்லாரின் பெயரையும் ஒரு தாளில் அச்சிட்டிருந்தார்களாம். அவன் பெயரும் இருந்தது, ஓரெழுத்துப் பிழையோடு. அதைக் கண்டு அவன் வருத்தப்படவில்லை. எனக்குத்தான் நெடுநேரம் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இதை வாசிப்பவர்களில் மலையகத்தில் வேர் உள்ளவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால், இன்றே போய்க் கேளுங்கள். பாட்டனார் என்ன வேலை செய்தார் என்பதையும் அவர் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்கத் தவறியவன்.