முதுமக்கள் தாழி: சொல்லும் பொருளும்

கிணறு வெட்டும்போது பெரும்பானை ஒன்று தட்டுப்பட்டால் ஊரில் உடனே ஒரு கதை எழும். முற்காலத்தில் கிழவர்கள் சாவு வராமல் சுருங்கிக் கிடந்தார்களாம். சோறும் விளக்கும் வைத்து அவர்களை உயிரோடு பானைக்குள் இறக்கினார்களாம். அதனால் அது முதுமக்கள் தாழியாம். படித்தவர்களும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். சொல்லையும் ஆராயாமல் பொருளையும் பாராமல் கட்டிய கதை இது.

'முது' என்பது கிழப்பருவத்தை மட்டும் குறிப்பதன்று, தொன்மையையும் குறிக்கும். முதுகுடி பழங்குடி, மூதூர் தொல்லூர். இடுகாட்டைச் சங்கப் புலவர்கள் முதுகாடு என்றனர். தலைமுறை தலைமுறையாக இறந்தோரை ஏற்ற காடு அது. அங்கே சேர்க்கப்பட்ட முன்னோரே முதுமக்கள்.

பாட்டுகளும் இதையே சொல்கின்றன. புறநானூறு 228இல் ஐயூர் முடவனார், மறைந்த சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனையக் குயவரை விளிக்கிறார். 256இல் வழியிடையே கணவனை இழந்த பெண், தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். நற்றிணை 271இல் மகளைப் பிரிந்த தாய், தன் உயிரைக் கொள்ளாத கூற்றைத் தாழி கவிக்கட்டும் என்று நோகிறாள். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, தாழியில் கவிப்பதை ஐவகை அடக்கங்களுள் ஒன்றாக வைக்கிறது. சுருங்கிய கிழவர் எங்கே? உயிரோடு இறக்கியது எங்கே?

இனி 'தாழி'. ஒலியொப்புமை கருதி வடமொழி 'ஸ்தாலி'யோடு இதை முடிச்சிடத் தேவையில்லை. தாழ் என்னும் அடி தமிழிலேயே இருக்கிறது. தாழ்ந்து ஆழமாக அமைந்த கலம் தாழி. தயிர் கடைந்ததும் தாழியில்தான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்ற பழமொழி இன்றும் வழங்குகிறது. குவளைப் பூ வளர்த்த தொட்டியும் தாழியே; தாழிக்குவளை என்ற தொடர் அதற்குச் சான்று. வீட்டில் புழங்கிய கலத்தின் பெயரே இடுகாட்டுக் கலத்துக்கும் சென்றது.

அந்தக் கலத்தின் அருமையைக் காண ஆதிச்சநல்லூர்ப் பறம்புக்குப் போகவேண்டும். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரந்த இந்த இடுகாட்டில் 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்கள், இரும்புக் கருவிகள், எருமையும் சேவலும் அமர்ந்த வெண்கலக் கலன்கள் வெளிப்பட்டன. 2004இல் தொடங்கிய அகழாய்வில் நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. அவற்றோடு கிடைத்த ஓட்டுத்துண்டு ஒன்றில் மண்ணை ஒட்டி எழுப்பிய உருவங்கள் இருந்தன: ஒல்லியான ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான். இறந்தவரோடு போகும் மண்கலத்தில் வயலையும் வனத்தையும் பதித்திருக்கிறான் அந்தக் குயவன். வேண்டாதவரைத் தொலைக்க எவரும் இப்படிக் கைவேலை செய்யமாட்டார். இன்று குழிகளின் மேல் கண்ணாடித் தளம் பதித்துத் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள்.

பாமரர் வாயில் முதுமக்கள் தாழி 'மதமதக்கத் தாழி' என்றும் வழங்குகிறது. பருத்த தோற்றத்தால் வந்த பெயர் என்ற விளக்கம் ஏற்கத்தக்கதன்று. முதுமக்கள் என்ற சொல்லே நாவில் தேய்ந்து மதமதக்க ஆயிற்று. பொருள் மறந்துபோன பின்னும் பெயரை விடாமல் காத்தவர்கள் அந்த மக்களே.