நூலரங்கேற்றமும் அவைக்களத் தடைவிடையும்

தாம் எழுதிய நூலைத் தம் கைப்பொருளையே செலவிட்டு அச்சிடும் அன்பர்கள் இந்நாளிற் பலராயினர். தம்மூர்த் தலவரலாற்றையோ, நாயன்மார் சரிதமொன்றையோ, தாம் பாடிய பதிகங்களையோ ஐந்நூறு படி அச்சிட்டு வைத்துக்கொண்டு, 'வெளியீட்டு விழாவை எங்கே நடாத்துவது? எவரெவரை அழைப்பது? யாது முறை?' என்று எம்மனோரை வந்து வினவுகின்றனர். அவர்க்குச் சொல்லத்தக்க விடை நம் முன்னோர் நிகழ்த்திய நூலரங்கேற்றத்தின் வரலாற்றினுள்ளேயே கிடத்தலின், அதனை ஈண்டு ஒருவாறு எழுதப் புகுந்தாம்.

அரங்கேற்றம் என்னுஞ் சொல்லை இக்காலத்தார் நடனம் பயின்ற சிறுமியர் முதன்முறை மேடையேறுதற்கே பெரிதும் வழங்குவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை மாதவியின் ஆடலைப் பற்றியதாதலின் அவ்வழக்கும் பழையதே. ஆயினும் நூலுக்கு அரங்கேற்றம் என்பது காட்சியன்று, பரீட்சை. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையின்கண்ணே, அதங்கோட்டாசான் கேட்ப, குற்றமறத் தெரிவிக்கப்பட்டதென்று கூறும். அதங்கோட்டாசான் கடாவியவற்றுக்கெல்லாம் தொல்காப்பியனார் விடை கூறினாரென்பர் உரையாசிரியர். தமிழிலே நமக்குக் கிடைத்துள்ள முதனூலின் வாயிலிலேயே வினாவுவார் ஒருவர் அமர்ந்திருத்தலை அன்பர்கள் நோக்குக.

நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்துக்கு உரியன இவையெனத் தொகுக்குமிடத்து, ஆக்கியோன் பெயர் முதலிய எட்டனோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையுங் கூட்டிப் பதினொன்றாகக் கூறுவாருமுளர் என்றார். களமாவது நூல் அரங்கேறிய அவை. அதனைப் பெயர் சொல்லிக் காட்டுதல் நூலின் உறுப்பாகவே எண்ணப்பட்டதென்றால், களங்காணாத நூலை அக்காலத்தார் எங்ஙனம் மதித்திருப்பரென்பது சொல்லாமலே அமையும். பாயிரஞ் செய்தற்கு உரியார் நூல்செய்தானின் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்னும் நால்வரே என்றும் அவர் வரையறுத்தார். இவரெல்லாம் நூலைப் படித்தன்றி வாய்திறக்க இயலாதவர். அமைச்சரும் செல்வரும் அவ்வரிசையில் இல்லாமை காண்க.

இனி, நம் சைவவுலகில் அரங்கேற்றங்களுள் தலையாயது திருத்தொண்டர் புராணத்தினது. அநபாய சோழன் சீவகசிந்தாமணியிலே ஈடுபட்டிருத்தலைக் கண்டு வருந்திய சேக்கிழார் பெருமான், அடியார் வரலாற்றை எடுத்தோதி, அவன் வேண்டத் தில்லைக்குச் சென்று, 'உலகெலாம்' என்னும் முதல் இறைவனாலே அருளப்பெற்று, ஆயிரக்கால் மண்டபத்திருந்து நூலை இயற்றி முடித்தார். சித்திரைத் திருவாதிரையிலே தொடங்கிய அரங்கேற்றம் மறுவருடத்துச் சித்திரைத் திருவாதிரையிலே நிறைவெய்திற்றென்று அவர் வரலாறு கூறும் புராணம் உரைக்கின்றது. ஓராண்டு! இக்காலத்து விழா ஒன்றரை மணி நேரத்துள் முடியாவிடின் கேட்போர் கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றனர். நிறைவிலே சுவடியையும் ஆசிரியரையும் யானைமேலேற்றி, அரசன் தானும் பின்னிருந்து கவரி வீசி வலம்வரச் செய்தானென்ப. யானையையும் கவரியையும் நாம் மறவாது பேசிவருகின்றோம். அவற்றுக்கு முன்னே ஓராண்டு காலம் ஒரு பெருங்கூட்டம் இருந்து கேட்டதென்பதையே மறந்துவிடுகின்றோம்.

தடைவிடை நிகழ்ந்த வரலாறுகளுள் எம் நெஞ்சைப் பெரிதுங் கவர்வது காஞ்சிக் குமரகோட்டத்திலே நிகழ்ந்தது. கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கி முதற்செய்யுளைப் படித்த அளவிலே, அவையினர் ஒருவர் எழுந்து தடை நிகழ்த்தினர். 'திகழ்' என்பதும் 'தச' என்பதும் புணருமிடத்து ழகரமுந் தகரமும் கெட்டு டகரம் தோன்றியதாகப் பாடியுள்ளீர். இதற்கு விதி யாது என்பது தடை. அம்முதலடி முருகப்பெருமானே எடுத்துக் கொடுத்ததென்று சிவாசாரியர் விடையிறுத்தார். கடவுள் வாக்கென்ற பின்னும் அவ்வவை இணங்கவில்லை என்பதே ஈண்டு அறியத்தக்கது. இலக்கணங் காட்டிய பின்னரே மேலே செல்லல் வேண்டும் என்றனர். அன்றைய அரங்கேற்றம் நின்றது. சிவாசாரியர் பெருமானிடம் முறையிட்டுத் துயின்றார். மறுநாட் சோழநாட்டினின்றும் வந்த புலவரொருவர் வீரசோழியத்தை விரித்து, அதன் சந்திப்படலத்தில் அப்புணர்ச்சிக்கு விதியிருத்தலைக் காட்டி, யாவருங் காண மறைந்தருளினார். அவர் முருகப்பெருமானே என்று அவையினர் தெளிந்தனர்.

இவ்வரலாற்றில் இன்னுமொன்று உண்டு. வீரசோழியம் வீரராசேந்திர சோழன் காலத்துப் புத்தமித்திரர் செய்தது, அவர் பௌத்தர். சைவத் திருக்கோயிலிலே, சிவாசாரியர் செய்த நூலுக்கு, முருகப்பெருமான் கொணர்ந்த பிரமாணம் பௌத்தர் இலக்கணம்! அவையினர் அதனை ஏலோமென்றிலர். சொல்லிலக்கணத்திற் சமயம் பாராத அவ்வறிவுடைமை எத்துணைப் பெரிது! அவ்வீரசோழியத்தை 1881இலே அச்சிற் பதிப்பித்து அழியாது காத்தவர் யாழ்ப்பாணத்துச் சைவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்.

அற்றேல், தடை நிகழ்த்துதல் புலவரை வருத்துதற்கு வழியாகாதோ எனின், ஆகும். பிழைபடப் பாடினார் காதை வில்லிபுத்தூரார் அறுத்தாரென்றும், கம்பர் தம் இராமகாதையைத் திருவரங்கத்திலே அரங்கேற்ற முயன்றபோது தில்லை மூவாயிரவர் முதலாயினாரிடம் உடன்பாடு பெற்று வருகவென அலைக்கழிக்கப்பட்டாரென்றும் வழங்குங் கதைகள் இதற்குச் சான்று. கேட்போன் எத்தகையன் என்பதைப் பொறுத்ததே யாவும். இறையனார் களவியலுக்கு நாற்பத்தொன்பதின்மர் கண்ட உரைகளுள் மெய்யுரை தெரிதற்கு, உப்பூரிகுடி கிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் மூங்கைப் பிள்ளையை நடுவாக இருத்தினரென்றும், நக்கீரனார் உரை கேட்டபோது அப்பிள்ளை பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்ததென்றும் அவ்வுரையே கூறும். பேசவறியாத பிள்ளையைக் கேட்போனாக வைத்தமை, காய்தலும் உவத்தலும் இன்றிக் கேட்டலே கேள்வி என்பதைக் குறித்ததுபோலும்.

அண்மைக்காலத்தே அரங்கேற்ற முறையை நிறைவாகக் கையாண்டவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876). இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களை அவர்கள் இயற்றினார்கள். ஊரவரோ, கோயிலதிகாரிகளோ, கட்டளைத் தம்பிரான்களோ வேண்டிக்கொள்வர், நன்னாள் குறிக்கப்படும், அத்தலத்துக் கோயின் மண்டபமே களமாகும். மாணாக்கரொருவர் ஏட்டிலிருந்து செய்யுளைப் படிக்க, பிள்ளையவர்கள் பொருள் விரித்துரைப்பார்கள். 1873ஆம் ஆண்டளவில் திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேறியபோது படிக்கும் பணி, பின்னாளில் மகாமகோபாத்தியாயராகிய உ. வே. சாமிநாதையரவர்கட்கு வாய்த்தது, இடையே குளிர்காய்ச்சல் கண்டு அவர்கள் வருந்தியதையும் தம் சரித்திரத்தில் எழுதியுள்ளார்கள். நாடோறும் நடைபெறும் அரங்கேற்றத்திற்கு ஆசிரியர் தங்குமிடம், உடன்வரும் மாணாக்கருக்கு உணவு, ஏடெழுதுவோர், நிறைவுநாட் சிறப்பு ஆகிய யாவும் வேண்டுவித்தாரைச் சார்ந்தன. ஆதலின் நூலாசிரியர்க்கு விழாக்கவலை இல்லை. நூற்கவலை ஒன்றே இருந்தது.

இம்முறை தளர்ந்தது அச்சினாலேயாம். 1835இலே இந்நாட்டவரும் தடையின்றி அச்சுக்கூடம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுத்தது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் 1849இலே சென்னைக்கு வந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்று, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலனயந்திரசாலையை நிறுவி, 1852இலே பெரியபுராண வசனத்தை வெளியிட்டார்கள். பிறரை எதிர்பாராது தாமே எழுதி, தாமே பிழைநோக்கி, தாமே அச்சிட்ட அவர்களுக்குத் தனியாக அவைக்களம் வேண்டியதில்லை. ஓரெழுத்துப் பிழையையும் பொறாத அவர்கள் உள்ளமே களமாயிருந்தது. ஏனையோர்க்கு அது கைவருமோ? களம் நீங்கியது, சிறப்புப்பாயிரமும் சாற்றுகவியும் நூன்முகத்தில் நின்றன. நின்றவையும் நாளடைவிலே படிக்காத நூலைப் புகழும் வெறும் உபசாரமாயின.

தடை மட்டும் ஒழிந்ததோ எனின், இல்லை. அவைக்குள் நிகழவேண்டிய தடை வீதிக்கு வந்தது. 1867இலே இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு திருமுறைகளாக வகுக்கப்பெற்று வெளிவந்தபின் எழுந்த விவாதத்தை அன்பர்கள் அறிவர். இருசாரார் நியாயங்களையும் ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, பலர் நடுவே, ஒருநாளிற் கேட்டு விடைபெறத்தக்க வினாக்கள் கண்டனத் துண்டுப்பத்திரிகைகளாகி, 1869இலே மஞ்சக்குப்பம் நீதித்தலம்வரை சென்று, இருபதாம் நூற்றாண்டினும் ஓயாது நின்றன என்பதே குறிக்கத்தக்கது. குமரகோட்டத்துத் தடை ஓரிரவில் தீர்ந்தது. அச்சுக்காலத்துத் தடைக்குத் தலைமுறைகள் போதவில்லை.

ஐயரவர்கள் 1887இலே சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அரசனுமில்லை, அவையுமில்லை. கும்பகோணங் கல்லூரியிலே ஆசிரியராயிருந்த அவர்கள் பல அன்பர்களிடம் கையொப்பம் வாங்கி, அவர்தம் பொருளுதவியாலே அச்சிட்டார்கள். சேக்கிழார் பெருமான் சோழனை விலக்கிய நூலையே சைவரொருவர் முயன்று பதிப்பித்தார் என்பது ஒரு வியப்பு, சிறப்பு அதுவன்று. முதற்பதிப்போடு பணி முற்றிற்றென்று கருதாது, மேலும் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கித் திருத்தி, 1907இலும் 1922இலும் மீண்டும் பதிப்பித்தார்கள். முதற்பதிப்பையே அரங்கேற்றமாகக் கொண்டார்கள் என்று யாம் சொல்வோம்.

இனி, விழாவெடுக்க விரும்பும் அன்பர்கட்குச் சில கூறுவாம். அண்மையில் யாம் சென்ற விழாவொன்றிலே பேசினார் எழுவர். அவருள் நூலைப் படித்தவர் ஒருவரே என்பது அவர்தம் பேச்சினாலேயே விளங்கிற்று. அவ்வொருவர்க்கு ஐந்து நிமிடம் கொடுக்கப்பட்டது. இரண்டு பிழைகளை எடுத்துக்கூற அவர் தொடங்கியவுடன், நேரமாயிற்றென்று சீட்டு நீட்டினர். நூலாசிரியர்க்கு அன்று பன்னிரண்டு பொன்னாடைகள் வந்தன.

ஐந்நூறு படியையும் அச்சிட்ட பின் அரங்கேற்றுதலே முதற்பிழை. ஏட்டுச்சுவடி ஒன்றாயிருந்தமையின் அவையோர் கூறிய திருத்தம் அதனுள்ளே ஏறிற்று. இக்காலத்துக் கணினியச்சில் இருபது படி மட்டும் முதலில் எடுத்தல் எளிது. அவ்விருபதையும் வேண்டியவர்க்குப் பகிர்ந்துவிடாமல், அப்பொருளில் வல்லார் சிலர்க்கு ஒரு திங்களுக்கு முன்னரே அனுப்புக. தலவரலாறாயின் அத்தலத்துக் கோயின் மண்டபத்தையும், அது வாயாதாயின் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தையும் களமாகக் கொள்க. நகரத்துக் குளிர்சாதன மண்டபம் வேண்டா. ஒருவர் நூற்பகுதிகளைப் படிக்க, ஆசிரியர் பொருள் கூறுக. மாலைக்கும் விளம்பரத் தட்டிக்கும் செல்லும் பொருளை வந்தவர் உணவுக்குச் செலவிடுக. பசித்தவன் தடை நிகழ்த்தான், எழுந்து போவான்.

தடை நிகழ்த்துவாரை முன்னரே தெரிந்து, அழைப்பிதழில் வாழ்த்துவோர் பெயர்க்கு மேலே அவர் பெயரை அச்சிடுக. அவர் வினவியதையும், தாம் விடுத்த விடையையும், விடையிறுக்க மாட்டாமல் திருத்திக்கொண்டதையும் குறித்துவைத்து நூலிறுதியிற் சேர்த்து, அதன்பின் ஐந்நூறு படியும் அச்சுக்குக் கொடுக்க. அவற்றுள் முதற்படி தடை நிகழ்த்தினார்க்கு உரியது.