விருந்தினரால் விருந்தினருக்கு நேரும் காயம்: விடுதியாளர் பொறுப்பின் வரலாறு

விடுதியில் தங்கியிருப்பவரை அங்கேயே தங்கியிருக்கும் வேறொருவர் தாக்கிக் காயப்படுத்தினால், தாக்கியவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. விடுதி உரிமையாளரும் இழப்பீடு தர வேண்டுமா என்பது வேறு கேள்வி. அது மிகப் பழைய கேள்வியும்கூட.

உரோமச் சட்டம் கப்பல்காரர், சத்திரக்காரர், குதிரைக் கொட்டில் நடத்துவோர் ஆகிய மூவர்மீதும் தனிப் பொறுப்பைச் சுமத்தியது. சத்திரத்தில் திருட்டு நடந்தால் இரு மடங்கு தொகை கேட்டு வழக்கிடலாம். ஆனால் யார் செய்த திருட்டுக்கு? கி.பி. 3ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் உல்பியன் இதற்குத் தந்த விடை 533இல் வெளியான ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. வேலையாட்களின் செயலுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்போரின் செயலுக்கும் சத்திரக்காரர் பொறுப்பு. வழிப்போக்கரின் செயலுக்குப் பொறுப்பில்லை. வழிப்போக்கரை அவர் தேர்ந்தெடுப்பதில்லை, பயணத்தில் இருப்பவரை விரட்டவும் முடியாது. நிரந்தரமாகக் குடியிருப்பவரையோ, வேண்டாம் என்று மறுக்காததால், அவரே ஒருவகையில் தேர்ந்தெடுத்ததாகிறது. திருட்டைப் பற்றிய இந்த விடையில் இருக்கும் தர்க்கம் இன்றைய வாதங்களுக்கும் பொருந்துவது வியப்புக்குரியது.

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் வேறு வழியில் சென்றது. 1584ஆம் ஆண்டின் கேலி வழக்கு, விருந்தினரின் பொருள் சத்திரத்தில் காணாமற்போனால் சத்திரக்காரரே ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியைத் தெளிவுபடுத்தியது. அறைச் சாவியை விருந்தினரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. விருந்தினர் தம்முடன் அழைத்துவந்தவரே திருடினால் விலக்கு உண்டு. ஆனால் அதே வழக்கு, சத்திரத்துக்குள் விருந்தினர் அடிபட்டால் சத்திரக்காரர்மீது வழக்கில்லை என்றும் கூறியது. பெட்டி தொலைந்தால் பணம் கிடைக்கும். எலும்பு முறிந்தால் கிடைக்காது! சத்திரக்காரர் கள்வரோடு கூட்டுச் சேரக்கூடும் என்ற அச்சமே பொருள் பற்றிய கடுமைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உடலுக்கு அந்தக் கடுமை நீளவில்லை.

இந்த நிலையை மாற்றிய தீர்ப்புகளுள் ஒன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1887இல் வந்தது. மதுக்கடையில் போதையில் இருந்த இளைஞர் ஒருவரின் முதுகில் இன்னொருவர் காகிதத்தைக் குத்தித் தீ வைத்தார். இளைஞர் கடுமையாகத் தீக்காயமடைந்தார். தம் இடத்துக்கு வருவோரைப் பணியாளர்களிடமிருந்து மட்டுமன்றி, தாம் இடம்கொடுத்து வைத்திருக்கும் குடிகாரர், முரடர் ஆகியோரிடமிருந்தும் காப்பது கடைக்காரரின் கடமை என்றது நீதிமன்றம். ‘இடம்கொடுத்து வைத்திருத்தல்’ என்பதே இதன் அடிப்படை. உல்பியனின் ‘தேர்ந்தெடுத்தல்’ இங்கே வேறு உருவில் திரும்பிவருகிறது.

1965இல் அமெரிக்கச் சட்டக் கழகம் வெளியிட்ட தீங்கியல் சட்டத் தொகுப்பு, விடுதியாளருக்கும் விருந்தினருக்கும் இடையே சிறப்பு உறவு உண்டு என ஏற்றது. அதன்படி விடுதியாளர் காப்பீட்டாளர் அல்லர். நியாயமான கவனம் மட்டுமே அவர் கடமை. ஆகவே வழக்கின் கனம் முன்னறிதலில் விழுகிறது. தகராறு பற்றி வரவேற்பறைக்கு முன்பே புகார் வந்ததா? வந்தும் காவலரை அனுப்பவில்லையா? எதிர்பாராமல் நொடியில் நடந்த தாக்குதலுக்குப் பொறுப்பைச் சுமத்துவது கடினம்.

இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம், தங்குவோரின் பாதுகாப்புக்காக மாவட்ட மாஜிஸ்திரேட் தேவையெனக் கருதும் அளவு காவற்காரரை அமர்த்தும் கடமையைச் சத்திரக்காரருக்கு விதித்தது. இழப்பீட்டுக் கேள்வி பெரும்பாலும் கவனக்குறைவு பற்றிய பொது விதிகளைச் சார்ந்தே தீர்க்கப்படுகிறது. அண்மையில் பெரிதும் பேசப்பட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உடலைப் பற்றியதன்று, காரைப் பற்றியது. 1998இல் டெல்லி தாஜ்மகால் ஓட்டலின் பணியாளரிடம் ஒருவர் ஒப்படைத்த மாருதி ஜென் காரை, அன்று அதே ஓட்டலுக்குத் தம் காரில் வந்திருந்த இளைஞர்கள் ஓட்டிச் சென்றனர். சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பில்’ என அச்சிட்டிருந்தாலும் ஓட்டல் தன் கவனக்குறைவுக்குப் பதில்சொல்ல வேண்டும் என்று 2019 நவம்பரில் தீர்ப்பாயிற்று.