தவக்காலமும் கூடிப் படித்தலும்

கொங்கு நாட்டார்க்குக் கூடியிருந்து கேட்பது புதிதன்று. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவதையும், ஊர்மக்கள் விடிய விடிய அமர்ந்து கேட்டுப் பொன்னரும் சங்கரும் மடியுமிடத்தில் வாய்விட்டு அழுவதையும் நம்மில் மூத்தோர் கண்டிருப்பர். நம்மூர்ப் பெயரின் தலையில் நிற்கும் 'துடி' என்பதும் ஒரு தோற்கருவியே. ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தானா என்பது வேறோர் ஆராய்ச்சி. அதில் இப்போது இறங்கவில்லை. கிறித்தவ அன்பர்கள் தவக்காலத்தில் எட்டுப் பத்துப் பேராக வீடுகளில் அமர்ந்து மறைநூல் படிக்கின்றனர் என்று நம் வட்டத்தில் ஒரு மாலை பேச்சு வந்தபோது, "அது மேனாட்டு வழக்கம்" என்று நண்பர் ஒருவர் ஒதுக்கிவிட்டார். அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட இயலுமா என்று பார்க்கப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். சீர்திருத்தத் திருச்சபையார் இக்காலத்தை 'லெந்து நாட்கள்' என்பர். 'லெந்து' என்பது இளவேனிலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. நம் மாசி பங்குனி வெயிலுக்கும் அச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அது நம்மோடு தங்கிவிட்டது. கத்தோலிக்கர் முன்பு 'தபசுகாலம்' என்றனர். இன்று 'தவக்காலம்' என்கின்றனர். அதன் முதல்நாள் நெற்றியில் சாம்பல் பூசும் புதன்கிழமை. சீர்திருத்தச் சபையார்க்கு அது 'சாம்பல் புதன்'. கத்தோலிக்கர்க்கு முன்பு 'விபூதிப் புதன்', பின்பு 'திருநீற்றுப் புதன்'. வடசொல்லை நீக்கித் தனித்தமிழாக்கியபோதும் சைவர் வீட்டுச் சொல்லே அங்கு வந்து அமர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சென்ற ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று ஏந்திய ஓலைகளை எரித்தே அந்நீறு எடுக்கப்படுகிறது. அன்றுமுதல் உயிர்ப்புத் திருநாளின் முன்னாள்வரை 46 நாட்கள். நோன்பில்லா ஞாயிறு ஆறினைக் கழித்தால் 40.

இந்நாற்பது நாட்களை ஊன் ஒறுக்கும் காலமாகவே பலரும் அறிவர். படிக்கும் காலமாகவும் அது தொடக்கமுதலே இருந்துவந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகேரியா என்னும் பெண்மணி மேற்றிசைக் கோடியிலிருந்து எருசலேம் சென்று, தான் கண்டவற்றைத் தன் நாட்டுத் தோழியர்க்கு எழுதினார். அவ்வேட்டின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியில் அரெட்சோ நகரில் கிடைத்தது. உயிர்ப்புத் திருநாளில் திருமுழுக்குப் பெறவிருப்போரை ஆயர் தம்மைச் சூழ அமரவைத்து, நாற்பது நாட்கள், நாள்தோறும் மூன்று மணிநேரம், தொடக்கநூல் முதலாக மறைநூல் முழுவதையும் விளக்கினார் என்று அவர் குறிக்கிறார். முதலில் சொற்பொருள், பிறகு உட்பொருள். நம் உரையாசிரியர்கள் பதவுரை கூறிப் பின் விளக்கம் கூறுவதை ஒத்த முறை இது. ஆயர் கிரேக்க மொழியிலேயே பேசுவார். உடனிருக்கும் குரு ஒருவர் அதைச் சிரிய மொழியில் பெயர்ப்பார். இரண்டும் அறியா இலத்தீன் மக்கள் வருந்தாதபடி இருமொழி வல்லார் அவர்க்கு எடுத்துரைப்பர். தன் மொழியில் கேட்டாலன்றிக் கேட்டதாகாது என்னும் தெளிவு அங்கு அன்றே இருந்தது.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கு நம்போன்ற நூல்விரும்பிகளுக்கு இன்னும் சுவையானது. அதன் 48ஆம் இயலின்படி, தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரு நூல் கொடுக்கப்பெறும். அதை இடையில் விடாது முதலிலிருந்து இறுதிவரை படித்தல் வேண்டும். படிக்கும் வேளையில் வீண்பேச்சுப் பேசித் திரிவோரைக் கண்டுபிடிக்க முதியோர் ஒருவர் இருவர் சுற்றிவருவர். பதினோராம் நூற்றாண்டில் காண்டர்பரிப் பேராயர் லான்பிராங்க் எழுதிய ஒழுங்கோ ஒருபடி மேலே செல்கிறது. சென்ற ஆண்டு யார் எந்நூலைப் பெற்றார் எனப் பட்டியல் படிக்கப்படும். பெற்ற நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். படித்து முடிக்காதவர் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்! நம் வட்டத்தின் நூல்களை இரவல் பெற்றுச் சென்ற அன்பர்கள் இவ்விடத்தைச் சற்று மெதுவாகப் படிப்பார்களாக.

இது மடத்தின் மதிலுக்குள் நிகழ்ந்த கதை. குடும்பத்தாரும் தொழிலாளரும் வீட்டில் சிறு குழுவாக அமர்ந்து படிப்பதென்பது அச்சு வந்தபின் வளர்ந்தது. செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் 1670இல் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்னும் போதகர் தம் வீட்டில் அத்தகைய கூட்டம் தொடங்கினார். அவர் வழிவந்த பக்தி இயக்கத்தின் நிலைக்களம் ஹாலே நகரம். அங்கிருந்து நேரே நம் கரைக்கு ஒரு வழி இருக்கிறது. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் அவ்வியக்கத்தார். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. ஆக, வீட்டில் கூடிப் படிக்கும் முறையும் படிப்பதற்குரிய தமிழ் அச்சுநூலும் ஏறக்குறைய ஒரே கப்பலில் வந்தன என்று சொன்னால் பெரிய பிழையாகாது.

அதே காலத்தில் இலங்கையில் வேறொன்று நிகழ்ந்தது. என் மனம் அதிலேயே மிகுதியும் தங்குகிறது. அங்கு டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார்க்கு இடமில்லை. கோவாவில் பிறந்து 1705இல் இலங்கை சென்ற யாக்கோமே கொன்சால்வெஸ் (1676-1742) சிங்களத்திலும் தமிழிலும் எழுதினார். அவர் தமிழில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' கிறித்துவின் பாடுகளைக் கூறும் உரைநடை நூல். குரு இல்லாத ஊரிலும் எழுத்தறிந்த ஒருவர் அதை இராகத்தோடு வாசிப்பார். ஊரார் சூழ்ந்திருந்து கேட்டு, இடையிடையே ஒப்பாரி பாடி அழுவர். தவக்காலத்தில் இவ்வாசிப்பு கடற்கரை ஊர்களில் வழிவழியாக நிலைத்தது. அண்ணன்மார் கதை கேட்டு அழுத நம் பாட்டிமார் அங்கு சென்று அமர்ந்திருந்தால் வேற்றிடம் என்று கருதியிரார். இதையுமா மேனாட்டு வழக்கம் என்று ஒதுக்குவது?

இனிக் கோவைக்கு வருவோம். கொங்கு நாட்டில் கத்தோலிக்க மறை பழமையுடையது. இராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். அந்நூற்றாண்டிலேயே கருமத்தம்பட்டி மறைத்தளமாயிற்று. 1886இல் கோயம்புத்தூர் தனி மறைமாவட்டமாயிற்று. சீர்திருத்தச் சபையின் தொடக்கம் 1830இல் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் பாதிரியார் கோவை வந்ததிலிருந்து கணக்கிடப்படும். இங்கு ஒரு வேடிக்கை உண்டு. இலண்டன் மிஷனில் பெரும்பான்மையோர் பியூரிட்டன் வழிவந்த சபையினர். லெந்து நாட்களைக் கைக்கொள்ளுதல் அவர் மரபில் இல்லை. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்க மரபினரின் திருநாட் காலங்கள் அனைவர்க்கும் பொதுவாயின. கோவையின் பழைய இலண்டன் மிஷன் குடும்பங்கள் பாட்டனார் அறியாத லெந்தைப் பேரர் காலத்தில் ஏற்றனர்.

அத்திருச்சபையின் கோவை மாமண்டலத்துக்கு 1950இல் முதற் பேராயராக வந்தவர் அ. யே. அப்பாசாமி (1891-1975). பாளையங்கோட்டைக்காரர், சைவத்திலிருந்து கிறித்தவம் தழுவியவரின் மகன். யோவான் நற்செய்தியை நம் அடியார்களின் பக்தி நெறியோடு ஒப்புநோக்கிய ஆய்வாளர்; இந்தியப் பக்திப் பாடல்களைத் தொகுத்து 1930இல் நூலாக்கியவர்; 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். தேவார திருவாசகத்தைக் கேட்டு வளர்ந்த செவியோடு விவிலியம் படிக்கலாம் என்று துணிந்த ஒருவர் 1959வரை நம் கோவையில் பேராயராக இருந்தார் என்பதைத் தமிழன்பர்கள் போதிய அளவு நினைப்பதில்லை. இது என் குறை.

கத்தோலிக்கரிடையே கதவு திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தால் (1962-65). வழிபாடு தமிழுக்கு வந்தது. மறைநூல் எல்லார் கைக்கும் எளிதில் கிடைக்க வேண்டுமென 1965 நவம்பரில் அச்சங்கம் அறிக்கை வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் பங்குகள் சிறு சிறு குடும்பக் குழுக்களாக அமைந்தன; அவற்றுக்கு 'அன்பியம்' என்று பெயர். பெயரிட்டவர் எவராயினும் தமிழ்ச் செவியுடையவர். 1995இல் இரு சபையாரும் கூடிச் செய்த பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' வந்தது. சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. முதியோர் பலர் பழைய மொழிபெயர்ப்பின் ஓசையை விட மறுத்தனர், இன்றும் மறுக்கின்றனர். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. மனப்பாடம் செய்த ஓசையை ஒருவரிடமிருந்து பறிப்பது எளிதன்று.

சிறு குழுவில் சேர்வது இனிய செயல் என்று மட்டும் எழுதி நிறுத்தினால் வரலாறு ஆகாது. கோவிலில் ஆயிரம் பேரோடு அமர்வது வேறு. ஒருவர் வீட்டுப் பாயில் அமர்ந்து அவர் தரும் தண்ணீரைக் குடிப்பது வேறு. தமிழ்க் கிறித்தவம் இந்த இடத்தில்தான் இடறியிருக்கிறது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டுமென ஆணையிட்டபோது தஞ்சைச் சபையே பிளந்தது. 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய நம் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) சாதி வழக்கைக் காக்கும் தரப்பில் நின்று எழுதினார். அவர் கவிதையைப் போற்றும் நாம் இதை மறைத்தல் தகாது. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலின் நடுவே சுவர் வைத்து இரு சாதியாரைப் பிரித்தனர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. கோவிற் சுவரைக் கடப்பாரையால் இடிக்கலாம். அடுப்படி வாசலுக்கு அக்கருவி பயன்படாது.

சில ஆண்டுகளுக்குமுன் நம் பகுதியில் ஒரு லெந்துகாலக் குழுவுக்கு அண்டைவீட்டார் என்னை அழைத்தனர். நான் அவர்கள் சமயத்தினன் அல்லன். தமிழாசிரியன் என்பதால் கடினச் சொற்களுக்குப் பொருள் கூறலாமே என்று அழைப்பு. ஆறு வாரம், வாரத்துக்கொரு வீடு. உறுப்பினர் எண்மர், மில்லில் வேலைபார்த்து ஓய்வு பெற்றோர் இருவர், ஒரு செவிலியர், ஒரு தையற்காரர், மற்றையோர் இல்லத்தரசியர். ஒருவர் படிப்பார், பிறகு சிறிது மௌனம், பிறகு தம் நெஞ்சில் தைத்ததை ஒவ்வொருவரும் கூறுவர். மூன்று வாரம் ஆனபின்தான் கவனித்தேன்: வரிசைப்படி வரவேண்டிய ஒரு வீடு விடப்பட்டிருந்தது. இரயில் பாதைக்கு அப்பால் உள்ள குடியிருப்பில் இருந்தது அவ்வீடு. யாரும் காரணம் கூறவில்லை. எனக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. நாட்டாரியலும் வரலாறும் பேசுகிற நான் வாய்மூடி இருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் வாரம், கூட்டம் முடிந்து காப்பி வந்தபோது, குழுவில் மூத்தவரான அம்மையார், "அடுத்த வாரம் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறோமுங்க. எனக்கு முட்டிவலி, மெதுவாத்தான் நடப்பேன், ஆராச்சும் கூட வாங்க" என்றார். அவ்வளவே. விவாதம் எதுவும் நிகழவில்லை. எண்மரில் அறுவர் சென்றோம், இருவர் வரவில்லை. அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தார்.

அவ்வீட்டில் மின்விசிறி ஒன்று. அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்தனர். அன்று படித்தவள் அவ்வீட்டுப் பெண். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பழைய மொழிபெயர்ப்பைத்தான் வைத்திருந்தாள். 'வியாகுலம்' என்ற சொல்லில் தடுக்கி நின்று என்னை நோக்கினாள். நான் 'துயரம்' என்றேன். அம்மையார் தலையசைத்து மறுத்தார். "துயரம் வேற, வியாகுலம் வேறங்க ஐயா. துயரம் நமக்கு வர்றது; வியாகுலம், பெத்தவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கறது." எந்த அகராதியிலும் அப்பொருள் இல்லை. நான் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டேன். அந்தப் பெண் மறுபடி அதே வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.