பெட்டையின் குரலில் ஒரு பெட்டி

வசந்தகாலத்தில் அமெரிக்கக் காடுகளில் வான்கோழிச் சேவலைத் தேடும் வேட்டைக்காரர் முதலில் ஆந்தைபோல அலறிப் பழகுவார். அந்தி நேரத்தில் அப்படி அலறினால், மரத்தில் அடைந்த சேவல் சட்டென்று பதில் குரல் கொடுத்து இருப்பிடத்தைக் காட்டிவிடும். விடியலில் பெட்டையின் குரலில் அழைக்க வேண்டும்.

அதற்குப் பூர்வகுடிகள் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி, காற்றை உறிஞ்சி ஒலியெழுப்பினார்கள். 1897-இல் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் ஒரு மரப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். மூடியைப் பக்கப் பலகையின் விளிம்பில் உரசினால் பெட்டை அழைக்கும்! புதியவர்க்கும் எளிதாகக் கைவரும் கருவி இது.

ஆனால் காடழிப்பும் சந்தைக்கான வேட்டையும் பல மாநிலங்களில் அந்தப் பறவையையே துடைத்தெறிந்தன. துப்பாக்கி, தோட்டா வரியைக் காட்டுயிர்களுக்கு ஒதுக்கிய 1937-ஆம் ஆண்டுச் சட்டமும், 1950-களிலிருந்து வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் விட்ட உழைப்பும்தான் அதை மீட்டன.