செடித்தொட்டிப் பொருள்கள் (கோவிலம்பாக்கம்)

கோவிலம்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டத்தில் மேடவாக்கம் பிரதான சாலையில் அமைந்த சென்னைப் புறநகர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இதன் அருகில் உள்ளது. இப்பகுதியில் மொட்டை மாடியிலும் வாசலிலும் வைக்கப்படும் செடித்தொட்டி வெயிலையும் வடகிழக்குப் பருவமழையையும் தாங்க வேண்டும். தொட்டிப் பொருள்கள் மண், மரம், சிமென்ட், நெகிழி என நால்வகைப்படும்.

வரலாறு

இவற்றுள் தலையாயது சிமென்ட் தொட்டி. பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே (1823–1906), மரத்தொட்டிகள் மக்கியும் மண்தொட்டிகள் உடைந்தும் போவதைக் கண்டு, இரும்புக் கம்பிவலையின் மேல் சிமென்ட் கலவை பூசித் தொட்டி செய்தார். 1867 ஜூலை 16-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்த காப்புரிமைகள் குழாய், பாலம் என விரிந்தன. 1875-இல் ஷாஸ்லே என்னும் ஊரில் அவர் முறையில் பாலமும் எழுந்தது. லாம்போ என்பவர் 1848-இலேயே கம்பிவலைச் சிமென்டில் படகு கட்டியிருந்தார். எனினும் கம்பிக் கான்கிரீட்டை உலகறியச் செய்ததில் மோனியேக்குப் பெரும் பங்கு உண்டு.

வகைகள்

சுட்ட மண்தொட்டி நுண்துளைகள் வழியே நீரை ஆவியாக்கி வேரைக் குளிர்விக்கும். உப்புநீர் ஊற்றினால் வெண்படலம் பூத்து, மேற்பரப்பு நாளடைவில் உதிரும். மரத்தொட்டியைக் கரையான் அரிக்கும். ஓயாத ஈரத்தில் மரம் மக்கும்.

சிமென்ட் தொட்டியில் பூச்சு மெலிந்தாலோ கீறல் விட்டாலோ நீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துப் பூச்சைப் பெயர்க்கும். பூச்சு கனமாக இருந்து, அடியில் வடிதுளையும் இருந்தால் இக்குறை பெரிதன்று. வர்தா (2016 டிசம்பர் 12) போன்ற புயலில் எடையே தொட்டிக்குக் காவல். ஆனால் கூரை தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு: ஆள் நடமாடும் தட்டைக் கூரைக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கிடுகிறது. ஓரடி உயர ஈரமண் மட்டுமே அதைப் போல மும்மடங்கு வரும். ஆகவே மாடியில் கனத்த தொட்டிகளை தளத்தின் நடுவில் நெருக்கி வைக்காமல், சுவரும் உத்தரமும் தாங்கும் இடத்தில் இடைவெளி விட்டு வைத்து, மண்ணில் தென்னைநார்க் கழிவைக் கலந்து எடையைக் குறைக்க வேண்டும்.

இன்றைய நிலை

தமிழ்நாடு அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்னும் மாடித்தோட்டத் திட்டத்துக்குப் பின் நெகிழி வளர்பைகள் பெருகின. புறஊதாத் தடுப்புச் சேர்க்காத பைகள் வெயிலில் நைந்துவிடும். நீல டிரம்களை அறுத்துத் தொட்டியாக்குவதும் உண்டு.