மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்த வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் தவறாமல் படம் எடுத்தது ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்களை. அரை நூற்றாண்டு கடந்த அந்த வண்டிகள் அப்போதும் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் சனத்தை ஏற்றி இறக்கின. பழசின் மேல் யாழ்ப்பாணத்தாருக்கு உள்ள பற்றுத்தான் அவற்றைக் காப்பாற்றியது என்று எழுதியவர்கள் உண்டு. பற்று இருந்தது மெய். ஆனால் அவற்றை ஓடவைத்தது தட்டுப்பாடும், அதற்கு ஈடுகொடுத்த கராஜ்காரரின் கைத்திறனும்.

முதல் தட்டுப்பாடு கொழும்பில் தொடங்கியது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் புதுக்கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, டாக்குத்தர், அப்புக்காத்து, மலாயாப் பென்சன்காரர் என்று வசதியுள்ளவர்கள் முன்னர் வாங்கிய பிரித்தானியக் கார்களையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. தெற்கில் பழைய கார்கள் மெல்ல ஒதுங்கத் தொடங்கின.

யாழ் குடாநாட்டில் கதை வேறு வழியில் போனது. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் அரசின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. ரயில் நின்றது, மின்சாரம் இல்லை. அடுப்புக்கும் விளக்குக்கும் என்று மட்டுப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெய்தான் வண்டிக்கும் எரிபொருளானது.

பழைய கார்களின் பழமையே அவற்றுக்குக் கைகொடுத்தது இங்கேதான். மண்ணெண்ணெயை அதிகம் நெருக்கினால் இயந்திரம் தட்டத் தொடங்கிவிடும். ஏ40இன் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7தான். அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் ஓரளவு ஒழுங்காக எரிந்தது. அழுத்தம் கூடிய புதிய இயந்திரங்கள் அதைத் தாங்கவில்லை. இன்னொரு வசதி, முன்பக்கத்தில் கம்பியை மாட்டிச் சுற்றி இயந்திரத்தைக் கிளப்பலாம். பற்றறி செத்துப்போன ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, கம்பியைச் சுற்றி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை தெருவை மூடும். கண் எரியும். ஆனால் வண்டி ஓடும்.

அதற்கான விலையை இயந்திரம் கொடுத்தது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி இறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்தது. பிஸ்ரன் தலையில் கரி அடையாகப் படிந்தது. பிளக் அடிக்கடி செத்தது. அதனால் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது கராஜில் ஓயாத வேலை. வால்வை அதன் இருக்கையில் பசை பூசி, முன்னும் பின்னும் உருட்டி அரைப்பார்கள். சுற்றிவர ஒரே சாம்பல் நிற வளையம் விழுந்தால்தான் சரி. ஓரிடத்தில் விட்டிருந்தாலும் திரும்ப அரைக்க வேண்டும். இரு பாகங்களுக்கிடையே வைக்கும் கஸ்கற் கிடைக்காவிட்டால் கடினமான தாளை அந்தப் பாகத்தின் உலோக முகத்தின் மேல் விரித்து, விளிம்பெங்கும் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே வெட்டி எடுப்பார்கள். அளவெடுக்கத் தனிக் கருவி தேவையில்லை, அந்த உலோக விளிம்பே அச்சு.

இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ஒரு வியாபார முடிவும் இவர்களுக்கு உதவியது. 1952இல் ஒஸ்ரினும் மொரிஸும் பிரிட்டிஷ் மோட்டோர் கோப்பரேஷனாக இணைந்த பின், இரண்டு பெயரிலும் வந்த கார்கள் ஒரே இயந்திரங்களைப் பகிர்ந்தன. கேம்பிரிட்ஜ் ஏ55இலும் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலும் இருந்தது அதே 1489 சி.சி. பி வரிசை இயந்திரம். இந்தியாவின் அம்பாசடரிலும் அதுவே நெடுங்காலம் இருந்தது. ஓடாமல் நின்ற ஒரு காரைப் பிரித்து வேறு பெயர்கொண்ட இன்னொன்றுக்கு உயிர்கொடுக்க முடிந்தது இதனால்தான்.  

2002 ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. பெற்றோல் வந்தது, முச்சக்கர வண்டிகளும் ஜப்பான் வான்களும் பெருகின. 2006இல் வீதி மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. அதோடு வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின்களின் காலம் அடங்கத் தொடங்கியது. சில கார்கள் பழைய வாகனம் சேர்ப்போரிடம் போயின, சில கலியாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வருகின்றன, சில மாமரத்தடியில் துருப்பிடிக்கின்றன.

காரை வாங்க ஆள் இருக்கிறது. அந்தக் கைவேலையை எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை. தடைக்காலத்தில் இருபது வயதில் கராஜுக்குப் போனவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள் பலர் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவரும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவரும் சேர்ந்து இறங்கினால் இது முடியாத வேலையல்ல. உங்கள் ஊரில் அப்படி ஒரு கராஜ்காரர் இருந்தால், இந்தக் கிழமையே போய் அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள்.